மூதூர் நினைவுக்கல்லும் ஜோன் லொக்கும்: நாம் எப்போது சம்மதித்தோம்?

உவர்மலை வாசகன் எழுதியது:

சென்ற மாதம் கிண்ணியாப் பாலம் கடந்து மூதூருக்குச் சென்றிருந்தேன். றொபேட் நொக்ஸ் பிடிபட்ட இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல்லை அங்கே சிறுவயதிலிருந்தே பலமுறை பார்த்திருக்கிறேன். இம்முறை அதன் முன் நின்றபோது, உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் என் மகள் கேட்டு நான் சரியாக விடை சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி மீண்டும் மனத்தில் எழுந்தது. அதை இங்கே முன்வைக்கிறேன்.

1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலுக்குள் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற ஆங்கிலேயக் கம்பனிக் கப்பல், புதிய பாய்மரம் தேடிக் கொட்டியாரக்குடாவுக்குள் வந்தது. 1660இல் அதன் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். தந்தை மறு ஆண்டிலேயே இறந்துபோனார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது.

இவ்வளவும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. நம்மவர் பலர் கவனியாதது இதன் அடுத்த பகுதி. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் லொக் தமது அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரையின் 92ஆம் பிரிவில், முற்றதிகார முடியாட்சி குடிகளுக்கு எத்தகைய பாதுகாப்பைத் தரும் என்று அறிய விரும்புபவர், இலங்கையைப் பற்றி அண்மையில் வெளிவந்த வரலாற்றைப் பார்த்தால் போதும் என்று எழுதுகிறார். அது நொக்ஸின் நூலே. லொக் தமது ஆய்வுரையை எந்த ஆண்டுகளில் எழுதினார் என்று கணிக்க முயலும் ஆய்வாளர்கள்கூட இந்த வரியைத் தடயமாகக் கொள்கிறார்கள். அரசு என்பது ஆளப்படுவோரின் சம்மதத்தில் நிற்கிறது என்று உலகத்துக்குச் சொன்ன நூலுக்கு, நமது குடாவின் கரையில் பிடிபட்ட ஒரு மனிதரின் துயரம் சான்றாயிற்று.

என் மகளின் கேள்வி இதுதான்: “அப்பா, சம்மதத்தால் அரசு தோன்றியது என்றால், நாங்கள் எந்த நாளில் சம்மதித்தோம்?” இந்நாட்டின் இறைமை மக்களிடம் உள்ளது என்று அரசியலமைப்பு கூறுவதையும் அவள் சேர்த்தே கேட்டாள். உங்கள் கருத்துகளைப் பொறுமையாக வாசிப்பேன்.

கொட்டியாரக்குடா எழுதியது:

நான் ஆங்கிலேயத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸின் பக்கம் நின்று பேசுகிறேன். இது வெறும் வாசிப்பினால் வந்த நிலைப்பாடு என்று தயவுசெய்து எண்ணவேண்டாம்.

ஹொப்ஸ் தமது லெவியதன் என்ற நூலை 1651இல் வெளியிட்டார். அதற்கு முன்னைய பத்தாண்டு இங்கிலாந்து தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்தது. 1649இல் அரசனின் தலையே துண்டிக்கப்பட்டது. மனிதரை அச்சத்தில் வைக்கும் பொது அதிகாரம் இல்லாத இடத்தில் பயிர்த்தொழில் இல்லை, கடற்பயணம் இல்லை, கல்வி இல்லை, எந்நேரமும் கொடிய சாவின் பயம் மட்டுமே உண்டு என்று அவர் எழுதியதை நான் முதலில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, ஒரு முதியவரின் மிகையான பயம் என்றுதான் நினைத்தேன். பின்னர் 1990ஐ இங்கே கண்டேன். அந்த மார்ச்சில் இந்தியப் படையின் கடைசிப் பிரிவு நமது துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. யூனில் போர் மீண்டும் மூண்டது. ஒரே ஆண்டுக்குள் எங்கள் வீதிக்கு மூன்று படைகள் கட்டளையிட்டன. ஒருவருக்குச் சோறு கொடுத்ததை மற்றவர் குற்றமாக எண்ணினர். அப்போது நான் விரும்பியது நல்ல அரசை அல்ல. ஒரேயொரு அரசு இருந்தால் போதும் என்றே விரும்பினேன். இறைமை என்பது பிரிக்க முடியாத உச்ச அதிகாரம் என்று 1576இல் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ஜோன் போடின் வரையறுத்ததன் பொருளை எனக்கு அந்த வீதி கற்பித்தது.

ஆகவே உங்கள் மகளுக்கு ஹொப்ஸ் அளித்திருக்கக்கூடிய விடையைச் சொல்கிறேன். ஒப்பந்தம் குடிகளுக்கும் அரசனுக்கும் இடையில் நடப்பதன்று. குடிகள் ஒருவரோடொருவர் செய்துகொள்வது. நான் என் வாளைக் கீழே வைக்கிறேன், நீயும் வை, நம் இருவருக்கும் பொதுவாக இவர் தீர்ப்பளிக்கட்டும் என்பதே அதன் சாரம். அந்தப் பொதுவானவர் ஒப்பந்தத்தின் தரப்பினரே அல்லர். ஆதலால் அவர் ஒப்பந்தத்தை மீறினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. வென்றவனுக்கு அஞ்சித் தந்த சம்மதமும் செல்லும் என்று இருபதாம் அத்தியாயத்தில் வெளிப்படையாகவே எழுதுகிறார். இது கடுமையானதுதான். ஆனால் அதன் மறுபக்கத்தை இருபத்தோராம் அத்தியாயத்தில் பாருங்கள்: பாதுகாக்கும் வலிமை ஆள்பவரிடம் இருக்கும் வரைக்கும்தான் குடிமகனின் கடப்பாடும் இருக்கும், அதற்கு அப்பால் இல்லை. தன்னைக் கொல்ல வருபவரைத் தடுக்கும் உரிமையை ஒருவரும் எந்த ஒப்பந்தத்தாலும் கைவிட முடியாது என்பதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

உவர்மலை வாசகன் எழுதியது:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன் நான் பேசத் தயங்குகிறேன். ஆயினும் நீங்கள் குறிப்பிட்ட அதே இருபதாம் அத்தியாயத்தை நொக்ஸின் மேல் வைத்துப் பார்த்தேன்; ஒரு சிக்கல் எழுகிறது.

விலங்கிட்டு அடைக்கப்பட்ட கைதிக்கு எக்கடப்பாடும் கிடையாது, அவன் காவலனைக் கொன்றும் தப்பலாம் என்று ஹொப்ஸ் கூறுகிறார். ஓடிப்போவதில்லை என்ற வாக்கின்மேல் உடலை அசைக்கும் சுதந்திரம் பெற்றவனோ கடப்பாடு உடையவன். நொக்ஸ் இவ்விருவரில் யார்? அவர் விலங்கில் இருக்கவில்லை. ஊர்களில் நடமாடினார், தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்து வட்டி வாங்கினார், எலதெத்த என்ற இடத்தில் நிலம் வாங்கி வீடும் கட்டினார். வாக்குறுதி எதையும் கொடுத்ததாக அவர் எழுதவில்லை.

லொக்கிடம் போனால் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. வாய்திறந்து சம்மதிக்காதவரும் மறைமுகமாகச் சம்மதிக்கிறார் என்று 119ஆம் பிரிவில் அவர் கூறுகிறார். ஓர் அரசின் எல்லைக்குள் நிலத்தை அனுபவிப்பதும், ஒரு வாரம் தங்குவதும், பெருவீதியில் நடந்து செல்வதும்கூட அதற்குப் போதுமாம். அவ்வாறானால் நிலம் வாங்கிய நொக்ஸ், இராஜசிங்கனின் ஆட்சிக்குச் சம்மதித்த குடியாகிவிடுகிறாரே! கொடுங்கோன்மைக்குச் சான்றாக லொக் காட்டும் மனிதரே அவருடைய சொந்த அளவுகோலின்படி சம்மதித்தவர் ஆகிறார். நிலம் வாங்கியது தப்பும் நாள் வரையில் உயிர்வாழ்வதற்காக என்று நொக்ஸின் நூலை வாசிக்கும் எவரும் உணர்வர். ஒருவர் ஓரிடத்தில் வாழ்கிறார் என்பதிலிருந்து அவர் சம்மதிக்கிறார் என்று முடிவு கட்ட முடியாது என்பதை எனக்கு உறுதிப்படுத்தியவர் இந்தக் கைதிதான்.

கிண்ணியா ஆசிரியை எழுதியது:

இருவருடைய பதிவுகளையும் இரண்டு முறை வாசித்தேன். நொக்ஸின் நிலம் பற்றி உவர்மலையார் எழுதியது எனக்குப் புதிது. என் மாணவிகளுக்குச் சொல்வேன்.

கொட்டியாரக்குடா ஐயா, அச்சத்தால் தந்த சம்மதம் செல்லும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வள்ளுவர் இதற்கு ஒரு குறளில் விடை சொல்லிவிட்டார்:

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.

கையில் வேலோடு வழிமறித்து நின்று “கொடு” என்பவனும், செங்கோலோடு நின்று முறையின்றிப் பொருள் கேட்கும் அரசனும் ஒன்று. கொடுத்தவரின் கை நீண்டது என்பதற்காக அதை எவரும் உடன்பாடு என்று அழைப்பதில்லை. கள்வனுக்கு அஞ்சித் தந்த வாக்கும் சட்டம் தடுக்காத வரையில் கட்டுப்படுத்தும் என்று ஹொப்ஸ் வாதிட்டார். அதே கள்வனை எடுத்துக்கொண்டு லொக் எதிர்முடிவுக்கு வந்தார்.

நமது தீவின் பௌத்த மரபிலும் இக்கதை உண்டு. பாளி மொழிப் பௌத்த நூலான தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சுத்தத்தில், நெல்வயல்களைப் பங்கிட்டுக்கொண்ட மனிதரிடையே களவும் பொய்யும் தண்டனையும் தோன்றியபோது, அவர்கள் கூடித் தங்களுள் தகுதியான ஒருவரைத் தெரிந்து, கண்டிக்க வேண்டியவரைக் கண்டிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைக்கிறார்கள். அதற்கு ஈடாக நெல்லில் ஒரு பங்கு தருகிறார்கள். பெருந்திரளானவரால் ஏற்கப்பட்டவர் என்பதால் அவர் பெயர் மகாசம்மதர். ஐயா, இதை ஹொப்ஸின் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஆள்பவர் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார். வேலை செய்யாதவருக்கு நெல் ஏன்?

லொக்கின் வலிமை அவருடைய மறைமுகச் சம்மதத்தில் இல்லை. அந்த இடத்தில் அவர் பலவீனமானவர்தான். நம்பிக்கைப் பொறுப்பு என்ற சொல்லில்தான் அவருடைய வலிமை இருக்கிறது. 149ஆம் பிரிவில், சட்டமியற்றும் அதிகாரம் குறிப்பிட்ட நோக்கங்களுக்காக நம்பி ஒப்படைக்கப்பட்டது, அந்நோக்கத்துக்கு மாறாகச் செயற்பட்டால் ஒப்படைத்தவரிடமே திரும்பும் என்கிறார். பிள்ளைகளின் சொத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்ற ஒருவர் அதைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள முடியாது. இச்சொல் நூலோடு நின்றுவிடவில்லை. 2023 நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்கு வழிவகுத்த முடிவுகளின் மூலம் முன்னாள் ஆட்சியாளர் சிலரும் உயரதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று நமது உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறியது. எரிவாயுச் சிலிண்டருக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவள் என்ற வகையில் அத்தீர்ப்பைக் கண்ணீரோடுதான் வாசித்தேன்.

சட்டம் பயில்பவன் எழுதியது:

மூத்தவர்களின் உரையாடலில் ஒரு சட்ட மாணவனாகச் சேர்ந்துகொள்கிறேன்.

இலங்கையில் நாம் இதற்குப் பயன்படுத்தும் சொல் ‘இறைமை’. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை, இறைமை மக்களுக்குரியது, பராதீனப்படுத்த முடியாதது என்று கூறி, ஆட்சித் தத்துவங்களும் (அதாவது அதிகாரங்களும்) அடிப்படை உரிமைகளும் வாக்குரிமையும் அதனுள் அடங்கும் என்கிறது. பராதீனம் என்றால் பிறர் வசமாதல். இறைமை விற்கவோ கைமாற்றவோ முடியாதது என்று ஜெனீவாவில் பிறந்த தத்துவஞானி ரூசோ 1762இல் எழுதியதன் எதிரொலியை இங்கே கேட்கலாம். ஆனால் ரூசோ அதோடு நிற்கவில்லை. இறைமையைப் பிரதிநிதிகளால்கூடச் செலுத்த முடியாது, ஆங்கிலேயர் பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவு செய்யும் நாளில் மட்டுமே சுதந்திரமானவர்கள், தெரிவு முடிந்ததும் அடிமைகள் என்றார். நமது 4ஆம் உறுப்புரையோ பாராளுமன்றத்தின் மூலமும் சனாதிபதியின் மூலமும் நீதிமன்றங்களின் மூலமும் இறைமை செலுத்தப்படும் என்கிறது. மூன்றாம் உறுப்புரையில் ரூசோவாக இருப்பது நான்காம் உறுப்புரையில் லொக் ஆகிவிடுகிறது என்பது என் வாசிப்பு.

‘இறை’ என்ற சொல்லுக்கு அரசன், கடவுள் என்பவற்றோடு வரி என்ற பொருளும் உண்டு. “இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு” என்ற குறளடியில் அரசனும் வரியும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆசிரியை குறிப்பிட்ட மகாசம்மதரின் நெற்பங்கு நமது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதை எண்ணி வியக்கிறேன்.

இனி, ஒருவரும் தொடாத பக்கத்தைத் தொடுகிறேன். இதுவரை நாம் உள்நாட்டு இறைமையை மட்டுமே பேசினோம். திருகோணமலையில் பிறந்தவருக்கு வெளிநாடு சார்ந்த இறைமையும் கண்ணெதிரே உள்ளது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆனால் 1947இன் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி இங்குள்ள கடற்படைத் தளம் 1957 வரை பிரித்தானியர் கையிலேயே இருந்தது. 1987 யூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் திருகோணமலைத் துறைமுகம் எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கப்படமாட்டாது என்ற வாசகமும், எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டு முயற்சியாகப் புனரமைப்பது பற்றிய வாசகமும் உள்ளன. அத்தாங்கிகள் பற்றி 2003இலும் 2022 சனவரியிலும் மேலும் உடன்பாடுகள் ஏற்பட்டன. அவற்றின் நன்மை தீமையை இங்கே நான் விவாதிக்கவில்லை. பராதீனப்படுத்த முடியாத இறைமையின் ஒரு துண்டு கடிதம் மூலம் கட்டுப்படுத்தப்படுமாயின், இக்கரையில் வலை இழுப்பவரிடம் எவராவது கேட்டார்களா?

லொக் இதை முன்னரே கண்டிருக்கிறார். போர், சமாதானம், உடன்படிக்கை ஆகியவற்றுக்கான அதிகாரத்தை அவர் தனியாகப் பிரித்து, முன்கூட்டி எழுதிய சட்டங்களால் அதை நெறிப்படுத்துவது கடினம், ஆள்பவரின் விவேகத்துக்கே பெரிதும் விடவேண்டும் என்று 147ஆம் பிரிவில் எழுதினார். சம்மதத்தின் கதவை அகலத் திறந்தவரே துறைமுகப் பக்கத்துக் கதவைச் சாத்திவைத்தார் என்று தோன்றுகிறது.

கொட்டியாரக்குடா எழுதியது:

தம்பி, துறைமுகம் பற்றி நீர் எழுதியது நியாயம். ஆனால் ஒரு வலிய நாட்டின் பக்கத்தில் வாழும் சிறிய நாடு உடன்படிக்கை செய்வதை இறைமையின் இழப்பாக மட்டும் பார்க்கக்கூடாது. உடன்படிக்கை செய்யும் தகுதியே இறைமை உள்ளவருக்குத்தான் உண்டு. நீர் கேட்டிருக்க வேண்டியது அதை யார் பெயரால் செய்தார்கள் என்பதை.

அத்துடன் ஒப்பந்த மொழி ஏழைகளின் துணையாக மட்டும் வருவதில்லை. 1815 மார்ச் 2இன் கண்டி உடன்படிக்கையை எடுத்து வாசியும். இறைமைக்குரிய தலையாய புனிதக் கடமைகளைத் தொடர்ந்து மீறியதால் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அரசுரிமையை இழந்தான் என்று அது கூறுகிறது. அப்படியே லொக்கின் வாதம். அதைக் கொண்டு கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியிடம் ஒப்படைக்கப்பட்டது. கையொப்பமிட்டவர்கள் ஒருசில பிரதானிகள். 1817இல் அதே மலைநாடு கிளர்ந்தெழுந்தது. குடிகளைக் கேளாமல் குடிகளின் பெயரால் செய்யப்பட்ட ஒப்பந்தத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

உவர்மலை வாசகன் எழுதியது:

நன்றி ஐயா. ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748இல் எழுதிய கட்டுரை ஒன்று இவ்விடத்துக்குப் பொருத்தமானது. நாட்டில் தொடர்ந்து இருப்பதே சம்மதம் என்றால், உறங்கும்போது தூக்கிக் கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவர், கடலில் குதித்துச் சாகாமல் இருப்பதால் கப்பற்றலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்தார் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்கிறார் அவர். வேற்று மொழியும் வழக்கமும் அறியாத, அன்றாடக் கூலியில் வாழும் ஏழைக்கு நாட்டைவிட்டுப் போகும் சுதந்திரம் உண்டு என்று உண்மையாகவே நாம் சொல்ல முடியுமா என்றும் கேட்கிறார்.

நமது கரையிலிருந்து உண்மையிலேயே கடலில் இறங்கியவர்கள் உண்டு. நகையை விற்றுப் படகில் ஏறியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். போக முடிந்தவர்கள் போனார்கள். எஞ்சியவர்கள் எஞ்சியதைச் சம்மதம் என்று என் மகளுக்கு நான் சொல்லமாட்டேன். ஹியூமின் முடிவையும் நான் முழுதாக ஏற்கவில்லை: சமூகம் நிலைப்பதற்கு அரசு தேவை, ஆகவே கீழ்ப்படிகிறோம், ஒப்பந்தக் கதை வேண்டாம் என்கிறார் அவர். கதையை எறிந்துவிட்டால் “வேலை செய்யாதவருக்கு நெல் ஏன்?” என்ற ஆசிரியையின் கேள்வியைக் கேட்கும் உரிமையும் போய்விடும் என்று அஞ்சுகிறேன். ஒப்பந்தம் என்றோ நடந்தது என்று கொள்வதைவிட, இன்றைய அரசிடம் நாம் நீட்டும் அளவுகோலாக அதை வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சட்டம் பயில்பவன் எழுதியது:

அளவுகோல் என்ற சொல்லை ஏற்கிறேன். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய ஒரு மாத அவகாசமே உண்டு. மனு கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். வெருகலில் இருக்கும் ஒரு விவசாயியின் கைக்கு அளவுகோல் எட்டும் தூரம் அது. 2017 ஓகஸ்ட் 4இன் தீர்ப்பையும் இவ்விழையில் பதிவு செய்ய விரும்புகிறேன்: கூட்டாட்சியைக் கோருவது தனிநாட்டைக் கோருவதாகாது, ஒரே நாட்டுக்குள் அதிகாரத்தைப் பகிர முடியும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. இறைமை பிரிக்க முடியாதது என்ற போடினின் வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு நமது நாட்டைப் பேச முடியாது என்பதற்கு அது போதிய ஆதாரம்.

கிண்ணியா ஆசிரியை எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இவ்விழையில் வந்த ஹொப்ஸ், லொக், ரூசோ மூவரின் நூல்களிலும் ஒப்பந்தத்துக்குக் கூடுகின்றவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். 1988இல் பெண்ணிய அரசியல் அறிஞர் கரோல் பேட்மன் இதைத் தனி நூலாகவே எழுதினார்: அரசை உண்டாக்கிய ஒப்பந்தத்துக்குப் பின்னால், பெண்ணை ஆணுக்கு அடங்கியவளாக்கிய வேறொரு ஒப்பந்தம் பேசப்படாமலே இருக்கிறது என்று. உவர்மலையாரே, கேள்வி கேட்டவர் உங்கள் மகள். “நாங்கள்” என்று அவர் சொன்னபோது யாரை எண்ணினார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். கொட்டியாரக்குடா ஐயாவிடமும் ஒரு கேள்வி: 1990இல் பாதுகாப்பு அற்றுப்போனபோது உங்கள் கடப்பாடும் முடிந்துவிட்டது அல்லவா? பிறகு அது எப்படித் திரும்பி வந்தது?

கொட்டியாரக்குடா எழுதியது:

ரீச்சர், இரண்டு நாள் யோசித்த பின் எழுதுகிறேன்.

ஹொப்ஸின் கணக்கில் அது 1990இல் முடிந்துவிட்டது. நாங்கள் வீட்டை விட்டுப் போயிருந்தோம். திரும்பி வந்து கூரையைச் சரிசெய்தபோதும், கடையில் பங்கீட்டு அரிசி வாங்கியபோதும், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபோதும் நான் எதற்கும் சம்மதித்ததாக உணரவில்லை. உவர்மலையார் நொக்ஸைப் பற்றி எழுதியது அங்கே எனக்கும் பொருந்தும். 1994ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னரான பதிவின்போது கிராம உத்தியோகத்தர் வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்தார். நிரப்பு என்று என்னை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நிரப்பவுமில்லை. நான் மேசையில் வைத்து ஓர் இரவு முழுதும் பார்த்துக்கொண்டிருந்து, காலையில் நிரப்பினேன். என் வாழ்க்கையில் சம்மதம் என்று நான் பெயர் சொல்லக்கூடிய செயல் அது ஒன்றுதான். அச்சத்தால் செய்ததன்று, ஆகையால் அங்கே ஹொப்ஸை விட்டு நான் விலகிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் மற்றக் கேள்வியைப் படித்த பிறகு அந்தப் படிவத்தை நினைத்துப் பார்த்தேன். அதில் என் பெயரும் என் மனைவியின் பெயரும் மூத்த மகளின் பெயரும் என் தாயாரின் பெயரும் இருந்தன. பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில் ஒரு கையொப்பம்தான் கேட்டிருந்தார்கள். அதை நான் இட்டேன். மற்ற மூவரையும் நான் கேட்கவில்லை.